கால் வைத்தால் நிற்கும் சத்தம்

இடது முன் சக்கரத்தில்தான்.
லொடக், லொடலொட, லொடக்.
பல்செட்டைக் கண்ணாடி டம்ளரில் போட்டு
யாரோ குலுக்குவதுபோல.
பாயா தெருபோங் இறக்கத்தில் கேட்காது.
ரெலாவில் குழாய் பதிக்கத் தோண்டி
அவசரமாய் மூடிய ஒட்டுத்தாரின் மேல்
தவறாமல் கேட்கும்.

ஜெலுத்தோங் போமன்
டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்
தீர்ப்பு எழுதினான்:
அப்சார்பர் போச்சு. ரெண்டு பக்கமும் மாத்தணும்.
நானூற்றெண்பது வெள்ளி.
யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.
மாதக் கடைசி.
யோசிக்கக் காசு கேட்கமாட்டார்கள்.

குணசீலனிடம் சொன்னேன்.
ரேடியோவைக் கூட்டி வை என்றார்.

மூன்று மாதம் கூட்டி வைத்தேன்.
இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில்
ஊர்ச் செய்தி, வானிலை, ஒரு பழைய பாட்டு,
எல்லாவற்றுக்கும் அடியில்
லொடக்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஒட்டுத்தாரின் நடுவே குறுக்கே வந்தது
குட்டியை வயிற்றில் தொங்கவிட்ட ஒரு குரங்கு.
பிரேக்கில் லேசாகக் கால் வைத்தேன்.
சத்தம் நின்றது.
குரங்கு போயிற்று. காலை எடுத்தேன்.
லொடலொட.

பாயான் லெப்பாஸில் பதினோரு வருஷமாய் எனக்கு இதுதான் வேலை:
ஒன்றை மட்டும் மாற்று,
மற்றதை அப்படியே விடு,
என்ன ஆகிறதென்று எழுது.
வண்டியைத் திருப்பினேன்.
அதே பள்ளம், அதே வேகம், கால் இல்லாமல்: சத்தம்.
அதே பள்ளம், அதே வேகம், காலோடு: இல்லை.
நான்காவது சுற்றில்
சாலை வேலைக்கார வங்காளப் பையன்
கேட்காமலே பச்சைக் கொடி காட்டினான்.

அப்சார்பருக்கு என் கால் தெரியாது.
பிரேக் பேடுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு, பிளாட்டின் இரண்டாம் மாடிக் கார் நிறுத்தம்.
பின் சக்கரத்துக்குச் செங்கல் முட்டு.
ஜேக் ஏற, மைவி ஒருக்களித்துப் படுத்தது.
கேலிப்பர் போல்ட்டைக் கழற்றி
மேலே தூக்கிக் கம்பியில் கட்டினேன்,
ஹோசில் பாரம் விழக்கூடாது.
விரலால் தொட்டால் பேடு ஆடுகிறது,
விழப்போகிற பால்பல் மாதிரி.
வலப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தேன்.
அங்கே பேடின் இரு காதுகளையும்
மெல்லிய தகடு மடித்துப் பிடித்திருக்கிறது.
இங்கே அந்த இடம் வெறுமை.
இரும்போடு இரும்பு உரசிய பளபளப்பு மட்டும்.

உப்புத்தாள் தேடி மேலே போனேன்.
சிங்க்குக்கு அடியில் மைலோ டின்:
துருப்பிடித்த ஆணிகள், எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவி,
செத்த பேட்டரி,
பிளாஸ்டிக் பையில் பின் அடித்தபடியே
புத்தம் புதிய இரண்டு கிளிப்புகள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
கூலி மிச்சம் என்று
பேடை மாற்றியது யார்?

கீழே வந்தபோது அவர் நின்றிருந்தார்,
இரண்டு கையிலும் பொட்டலக் காப்பி.
உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.
கிளிப்பைப் பார்த்தார்.
காப்பியைப் பார்த்தார்.
மறுபடி கிளிப்பை.
"கடைக்காரன் எக்ஸ்ட்ரா குடுத்திருக்கான்னு நெனச்சேன்."

டார்ச்சைப் பிடிங்க என்றேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நானூற்றெண்பது வெள்ளிக்குச் சொல்லியிருப்பேன்.

துருவைத் தேய்த்தேன்.
பின்களுக்கு கிரீஸ், தட்டில் ஒரு பொட்டும் படாமல்.
கிளிப் உட்கார்ந்தது. டிக்.
பேடு இப்போது இறுக்கமாய்த்தான் நுழைகிறது.
அவர் கை டார்ச்சோடு கொஞ்சம் நடுங்கியது,
காப்பி இன்னும் குடிக்கவில்லை.
எல்லாம் பூட்டியபின்
பெடலை ஐந்தாறு முறை மிதித்தேன்,
கெட்டிப்படும் வரை.

ரெலாவுக்கு ஓட்டிப் போனோம்.
அவர் இடப்பக்கம், சரியாக அந்தச் சக்கரத்தின் மேல்.
ஒட்டுத்தார் வந்தது.
என் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.
இழுத்துக்கொண்டேன்.
டயர் மட்டும் திம் திம் என்றது.

கொஞ்ச தூரம் போனதும்
அவர் கை ரேடியோப் பக்கம் நீண்டது.
வேண்டாம் என்றேன்.